கூடுதலாக ஒரு தட்டு

டிசம்பர் இருபத்திரண்டிலிருந்தே
விடுதியின் காலணி அலமாரி காலியாகத் தொடங்கும்.
அத்தை உள்ளவர்கள் போவார்கள்.
அப்பாவுக்குச் சிறையில் விடுப்பு கிடைத்தவர்கள் போவார்கள்.
கிங்காவை ஒரு பல் டாக்டர் குடும்பம்
மூன்று நாளைக்குக் கேட்டிருந்தது.
திருப்பிக் கொண்டுவந்து விடும் தேதியும்
படிவத்தில் இருந்தது.

மிஞ்சியது ஏழு ஜோடி பூட்ஸ்.
என்னுடையதில் ஒன்றுக்குக் கயிறு கிடையாது.

சுவாவ்கியில் அந்த மாதம்
மூன்றரை மணிக்கே இருட்டிவிடும்.
முதல் நட்சத்திரத்தைப் பார்த்த பிறகுதான் சாப்பாடு.
அன்றைக்கு மேகம்.
"தெருவிளக்கைப் பார்த்துக்கோங்க, போதும்" என்றார்
மாதச் சம்பளத்துக்கு எங்களுக்கு அத்தையான பொஜேனா.

மேஜைவிரிப்புக்கு அடியில் வைக்கோல்.
பீட்ரூட் சூப், கெண்டை மீன்,
நகராட்சி அனுப்பிய ஆரஞ்சு, ஆளுக்கு ஒன்றரை.
எண்ணிக்கைக்கு மேல் ஒரு தட்டு,
சொல்லாமல் வரும் விருந்தாளிக்கு.
போலந்தில் அன்றிரவு எல்லா வீட்டிலும்
ஒரு நாற்காலி சும்மா இருக்கும்.
யார் வந்து கதவைத் தட்டினாலும்
போ என்று சொல்லக் கூடாது.

"எல்லா வீட்டிலுமா?" என்றான் வித்தோல்ட்.
ஒன்பது வயது, கணக்கில் கெட்டி.
இந்த ஊரில் மொத்தம் எத்தனை வீடு என்று கேட்டான்.
பிறகு கோட்டை மாட்டிக்கொண்டு காணாமல் போனான்.

காவலாளி ஜெனோன் டார்ச்சோடு தேடப் போனார்.
சூப் ஆறியது, கொதித்தது, மறுபடி ஆறியது.

வந்து நின்றான், புருவமெல்லாம் பனி.
திட்டு முடிந்ததும்
கை கழுவும் இடத்தில் எங்களுக்கு மட்டும் சொன்னான்.
ரயிலடிக்குப் பின்னால், பதினாலாம் நம்பர் வீடு.
ஜன்னல் வழியே தெரிந்ததாம்,
தங்கக் கரை போட்ட தட்டு, யாரும் உட்காரவில்லையாம்.
மணி அடித்தானாம்.
ஏப்ரன் கட்டிய ஒரு பெண் கதவைத் திறந்து
"யாரைத் தேடுற, கண்ணு?" என்றாளாம்,
நல்ல குரலில்தான்.

அந்தக் கேள்விக்கு அவன் தயாராகப் போகவில்லை.
"வீடு மாறி வந்துட்டேன்" என்றானாம்.

யாரும் சிரிக்கவில்லை.
யாகோதா மட்டும் கேட்டாள்:
"உள்ள என்ன வாசனை?"
யோசித்தான்.
"காளான். அப்புறம் ஒரு நாய்."

காகிதம்போல் மெல்லிய அப்பத்தை
ஒருவர் கையிலிருந்து ஒருவர் உடைத்து
வாழ்த்திக்கொள்ள வேண்டும்.
நல்ல உடம்பு, நல்ல மார்க்கு, புது ஸ்கேட்,
எல்லாம் வாழ்த்தினோம்.
ஒரு சொல்லை மட்டும் சுற்றிக்கொண்டு போனோம்,
கடன் கொடுத்தவன் தெருவைச்
சுற்றிக்கொண்டு போவதுபோல.

ஆறே முக்காலுக்கு அழைப்பு மணி.
தொப்பியைக் கையில் பிடித்தபடி ஒரு போலீஸ்காரர்.
அவருக்குப் பின்னால்
பெரிய ஆள் யாருடையதோ ஒரு ஜாக்கெட்,
அதற்குள் நாலு வயசு இருக்கும் ஒரு பெண்.
ஒரு கையில்தான் கையுறை.

சுவரில் காகிதத்தை வைத்துக் கையெழுத்துப் போட்டார் பொஜேனா.
"இன்னைக்கா?" என்று மட்டும் கேட்டார்.
போலீஸ்காரர் மிதியடியைப் பார்த்தார்.

அவள் மேஜையைப் பார்த்தாள்.
எங்கள் முகங்களை விட்டுவிட்டுத்
தட்டுகளையே ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்து
காலி நாற்காலியில் தானே ஏறி உட்கார்ந்தாள்.
ஜாக்கெட்டைக் கழற்ற விடவில்லை.
"இது எனக்கா?"

பொஜேனாவுக்குக்கூட உடனே வாய் வரவில்லை.

"ஆமா" என்றான் வித்தோல்ட்.
"மத்தியானமே வெச்சாச்சு."

மீனை அவள் தொடவில்லை.
விரிப்புக்கு அடியில் என்ன நெறுநெறுக்கிறது என்று
விரலால் அழுத்தி அழுத்திப் பார்த்தாள்.

அவன் எழுந்து சமையலறைக்குப் போனான்.
இன்னொரு தட்டோடு வந்தான், விளிம்பு உடைந்தது.
ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டான்.
ஸ்பூனைச் சட்டையில் துடைத்து வைத்தான்.

எதற்கென்று யாரும் கேட்கவில்லை.
அதுவரை எல்லா வருஷமும்
யாராவது வரட்டும் என்று
அந்தத் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்த நாங்கள்
அன்றைக்குக் கதவைப் பார்த்தபடி
மெதுவாகச் சாப்பிட்டோம்,
இனி யாரும் வந்துவிடக் கூடாதே என்று.